மூன்றாவது தொட்டி

ரேணிகுண்டா ஸ்டேஷனில் பீப்பாயின் மூடியைத் திறந்ததுமே தாட்சாயணிக்குத் தெரிந்துவிட்டது. அழுகிய மீன் நாற்றம் குப்பென்று அடித்தது. போர்ட்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனான். அவள் கையை உள்ளே விட்டு ஒரு பவளக் கல்லை எடுத்தாள். தென்கடற்கரையில், மண்டபம் ஸ்டேஷனில் ஏற்றும்போது தேன் நிறத்தில் இருந்தது. இப்போது சளி மூடி, சதை உரிந்து, வெறும் சுண்ணாம்பாகக் கையில் இருந்தது. அடுத்ததும் அப்படித்தான். பீப்பாயின் அடி வரை துழாவிப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

அது 1959ஆம் வருஷத்துத் தை மாதம். தாட்சாயணி திருப்பதியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவி. சொந்த ஊர் சத்தியவேட்டுக்குப் பக்கத்தில். அப்பா கன்னையா வேர்க்கடலையும் கொஞ்சம் நெல்லும் பயிரிடுகிறவர். கடலில் வாழும் பவளத்தை உயிரோடு திருப்பதிக்குக் கொண்டுவந்து தொட்டியில் வளர்க்கப் போவதாக அவள் சொன்னபோது கல்லூரியில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் இன்று சிரித்தார்கள்.

பேராசிரியர் நாராயணசாமி சிரிக்கவில்லை. சித்தூர்க்காரர். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார், தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்.

“சூடம்மா, இங்கே பாரு, சமுத்திரம் எங்கே, திருப்பதி எங்கே? பேசாம ஏரி நத்தையை எடுத்துக்கோ. ரெண்டு வருஷத்துல டிகிரி கையில இருக்கும்.”

“இன்னும் ஒரு தடவை போய்ட்டு வரேன் சார்.”

“அதுவும் செத்துப் போனா?”

“மறுபடியும் போவேன் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பி.எஸ்.ஸி. படிக்கும்போது சுற்றுலாவாக மண்டபம் போயிருந்தாள். அடியில் கண்ணாடி பதித்த பெட்டியைத் தண்ணீரில் அழுத்திப் பிடித்து, தோணியில் குப்புறப் படுத்துக்கொண்டு பாரைப் பார்த்தாள். பவளப் பாறைக்கு அங்கே பார் என்றுதான் பேர். பழுப்பும் பச்சையும் ஊதாவுமாக ஒரு காடே தண்ணீருக்கடியில் இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனதும் சுண்ணாம்புக்காகக் கல் எடுக்கும் தோணிகள் நின்றன. ஆட்கள் முங்கிக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே பார் உடைந்து கிடந்தது, அதில் ஆச்சரியம் இல்லை. கடப்பாரை படாத பக்கமும் வெள்ளையாகச் செத்துக் கிடந்ததுதான் அவளுக்குப் புரியவில்லை. தோணிக்காரரைக் கேட்டாள். கல் எடுக்கும்போது கிளம்பும் சேறு படிந்துவிட்டது என்றார். பக்கத்தில் இருந்தவர் போன கோடையில் தண்ணீர் கொதித்தது, அதுதான் என்றார். கடலில் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. எது எதைச் செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் இரண்டையும் பிரித்து வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குத் தொட்டி வேண்டும். மண்டபத்தில் தனியாகத் தங்கி வேலை செய்ய ஒரு பெண்ணுக்கு அன்றைக்கு இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அம்மா செங்கம்மா விட்டிருக்கமாட்டாள். அதனால்தான் கடலைத் திருப்பதிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இரண்டாம் முறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனாள். மூடிய பீப்பாயில் காற்றில்லாமல்தான் செத்திருக்கின்றன என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்தத் தடவை வாயகன்ற ஒரு பெரிய அண்டா. ஒன்றோடொன்று உரசாமல் கொஞ்சமே கொஞ்சம் கற்கள். ஒரு சைக்கிள் பம்பு, அதன் நுனியில் ரப்பர் குழாய்.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கன்னையா அண்டாவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு பம்பு அடித்தார். தண்ணீர் குமிழியிட்டது. மதுரையில் ஏறிய ஒரு நகைக்கடைக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “என்னய்யா, தண்ணி பஞ்சரா?” என்றார். பெட்டியே சிரித்தது.

“உள்ள உசுரு கீதுய்யா,” என்றார் கன்னையா, கையை நிறுத்தாமல்.

விழுப்புரம் தாண்டியதும் மகளிடம் மெதுவாகக் கேட்டார். “கல்லுக்கு எதுக்கு கண்ணு மூச்சு?”

“இது கல்லு இல்ல நைனா. கல்லு அது கட்டிக்கினு இருக்கிற ஊடு. உள்ள சின்னச் சின்னப் பூச்சிங்க இருக்குது. அது உடம்புக்குள்ள பாசி குடியிருக்குது. வெயில் பட்டா பாசி சாப்பாடு பண்ணும், பூச்சி துன்னும். அந்தப் பழுப்பு நிறமே பாசியோட நிறம்தான்.”

“அப்ப பாசிக்கு இன்னா லாபம்?”

“பத்திரமா இருக்க எடம் கெடைக்குதே.”

கன்னையா தலையாட்டினார். கை மாற்றிக்கொண்டு மறுபடி அடிக்க ஆரம்பித்தார். எழும்பூரில் இறங்கி ஜட்கா பிடித்து, அண்டாவை இருவருமாகப் பிடித்துக்கொண்டு சென்ட்ரல் போய், அடுத்த ரயில் ஏறினார்கள். திருப்பதியில் தொட்டிக்குள் இறக்கியபோது எல்லாக் கற்களும் தேன் நிறத்திலேயே இருந்தன. கன்னையாவின் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன.

நாராயணசாமி பேராசிரியர் வந்து குனிந்து பார்த்தார். பிறகு ஜன்னலோரம் இருந்த மூன்று சிமெண்டுத் தொட்டிகளையும் அவளுக்கே எழுதிக் கொடுத்தார்.

ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எழுதிப் போட்டதில் இரண்டு சர்க்காரும் கையை விரித்துவிட்டன. படிப்பு ஆந்திராவில் என்றது சென்னை. ஊர் மெட்ராஸ் ராஜ்யத்தில் என்றது ஆந்திரா. முதல் வருஷப் பையன்களுக்குத் தவளை அறுக்கக் கற்றுக்கொடுத்துத்தான் அவள் காலம் தள்ளினாள்.

கடல் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தவர் சித்தப்பா சிட்டிபாபு. கன்னையாவின் தம்பி. உப்பு லாரி ஓட்டுகிறவர். கரையோரத்து உப்பளத்திலிருந்து திருப்பதிக்கு மூட்டை ஏற்றி வரும்போது டிரம்களில் கடல் தண்ணீரும் பிடித்து வருவார். முதல் தடவையே சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டார். மதுவிலக்கு இருந்த காலம். டிரம்மைத் தட்டிப் பார்த்த போலீஸ்காரர், “ஏமய்யா, சாராயமா?” என்றார்.

“சமுத்திரத் தண்ணி சார். காலேஜிக்கு.”

“காலேஜிக்கு சமுத்திரத் தண்ணியா? யாருகிட்ட செப்புற?”

போலீஸ்காரர் ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிக்கொண்டார். துப்பித் துப்பி, கண்ணில் நீர் வந்து, லாரியைப் போகச் சொல்லி ஜாடை காட்டினார். அதற்குப் பிறகு அந்தச் சாவடியில் யாரும் டிரம்மைத் தொடவில்லை.

ஊரில் அப்போது எல்லைப் பேச்சுதான். திருத்தணிப் பக்கம் மெட்ராசுக்குப் போகிறது, அதற்கு ஈடாகச் சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போகின்றன என்று சேதி வந்திருந்தது. ஊரே கூடி எதிர்த்தது. கறுப்புக் கொடி ஏற்றினார்கள். கன்னையா முன்வரிசையில் நின்றார். கூட்டம் முடிந்து வரும்போது பக்கத்து நிலத்துக்காரர் துலுக்காணம் வழிமறித்தார்.

“இங்க ஆந்திரா வாணாம்னு கத்திக்கினு, அவன் காலேஜிக்கு உன் தம்பியை உட்டு தண்ணி சுமக்கிறியே கன்னையா?”

“தண்ணி ஆந்திராவுக்குப் போவல. எம் பொண்ணுக்குப் போவுது,” என்றார் கன்னையா. மேற்கொண்டு பேச நிற்கவில்லை.

சித்திரையில் திருப்பதி வெயில் மலைப்பாறையில் பட்டுத் திரும்பி ஊருக்குள் இறங்கியது. தாட்சாயணி காத்திருந்தது அதற்குத்தான். முதல் தொட்டியைச் சுற்றி ஈரக் கோணி கட்டி, ஐஸ் நிரப்பிய குடத்தை உள்ளே இறக்கி, தண்ணீர் சூடேறாமல் பார்த்துக்கொண்டாள். இரண்டாவது தொட்டியை வெயில் போக்கில் விட்டுவிட்டாள். மூன்றாவதையும் அப்படியே விட்டு, கூடவே பாரிலிருந்து எடுத்து வந்த சேற்றைக் கரைத்து, கல் எடுக்கும் இடத்தில் விழுவதைப்போலக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அதே சேற்றை அதே அளவில் முதல் தொட்டியிலும் ஊற்றினாள்.

வைகாசி பிறப்பதற்குள் இரண்டாவது தொட்டியில் இருந்த கற்கள் வெளுக்க ஆரம்பித்தன. முதலில் நுனி, பிறகு முதுகு. ஒரு வாரத்தில் எல்லாம் பால் வெள்ளை. உடம்புக்குள் இருந்த பாசி சூடு தாளாமல் வெளியேறிவிட்டது. தாட்சாயணி தொட்டியின் விளிம்பில் கையை ஊன்றியபடி நின்றாள். இத்தனை பேர் சுமந்து கொண்டுவந்தது இதற்குத்தானா என்றிருந்தது.

தவளை வகுப்பில் அவளோடு வேலை பார்த்த யதுகிரி உள்ளே வந்தாள். கோவிந்தராஜர் சந்நிதித் தெருப் பெண். அப்பா கோயிலில் கைங்கரியம் செய்கிறவர். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“இங்க வந்து பாரு. செத்துப்போகலடி. வெளுத்திருக்கு, அவ்வளவுதான். கையை நீட்டிண்டிருக்கு பாரேன்.”

தாட்சாயணி பார்த்தாள். வெள்ளைக் கல்லின் ஒவ்வொரு குழியிலிருந்தும் கண்ணாடி நூல்போலச் சின்னஞ்சிறு விரல்கள் நீண்டு தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தன. பாசி போய்விட்டது, பூச்சி இன்னும் இருக்கிறது. அதற்குப் பசி.

அன்றைக்கே இரண்டாவது தொட்டிக்கும் கோணி கட்டினாள். வாடிக்கைக் கடையில் ஐஸ் தீர்ந்தபோது யதுகிரி சோடாக் கடை சோடாக் கடையாக அலைந்து வாங்கி வந்தாள். மூன்றாவது தொட்டிக்கும் அதே கோணி, அதே ஐஸ். சேறு ஊற்றுவதையும் நிறுத்தினாள். ஆடி போய் ஆவணி வந்தது. இரண்டாவது தொட்டியில் ஒரு கல்லின் அடிப்பக்கத்தில் மங்கலான பழுப்பு தெரிந்தது. புரட்டாசிக்குள் பெரும்பாலான கற்களுக்கு நிறம் திரும்பிவிட்டது.

மூன்றாவது தொட்டியில் எதுவும் திரும்பவில்லை. அங்கே விரல்கள் நீளவே இல்லை. முதல் தொட்டியிலும் சேறு படிந்தது, அங்கே பவளம் சளி விட்டு அதைத் தள்ளிவிட்டது. சூட்டில் பாசியை இழந்து பட்டினி கிடக்கும் உடம்புக்குத் தள்ளத் தெம்பில்லை. சேற்றுக்கடியில் மூச்சுமுட்டிச் செத்தன. ஒரு கஷ்டத்திலிருந்து மீள முடிந்த உயிருக்கு இரண்டைச் சேர்த்துத் தாங்க முடியவில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. பெங்களூரில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில் நாராயணசாமி இந்தச் சோதனையைப் பற்றிப் பேசினார். இரண்டாவது தொட்டியை மட்டும் சொன்னார். மூன்றாவது ஒரு தடவைதான் நடந்திருக்கிறது, அதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பது அவர் கட்சி. மறுநாள் பத்திரிகையில், ‘வெளுத்த பவளம் மீண்டும் உயிர்க்கிறது’ என்று வந்தது.

பத்திரிகையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஐப்பசியில் ஒருவர் வந்தார். பெயர் முனிரத்தினம். நகரிக்காரர். தென்கடற்கரையில் பாரிலிருந்து கல் எடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கு அனுப்பும் காண்டிராக்டர். குத்தகையைப் புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று சர்க்கார் யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

“நம்ம ஊருப் பொண்ணு,” என்று ஆப்பிள் பையை மேஜைமேல் வைத்தார். “கெட்டுப்போனது தானா திரும்ப வருதுன்னு நீயே கண்டுபுடிச்சிருக்கே. அதை ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்தாப் போதும்மா.”

“பாதியைத்தான் பேப்பர்ல போட்டாங்க. மீதிய வந்து பாருங்க.” மூன்றாவது தொட்டிக்கு அழைத்துப்போனாள்.

முனிரத்தினம் எட்டிப் பார்த்தார். “இது தொட்டி. கடல் பெருசு. அலை வந்தா சேறு அடிச்சிக்கினு போயிடும்.”

“அலை அடங்கி இருக்கிற மாசத்துலதான நீங்க கல் எடுக்கிறீங்க? அப்ப சேறு எங்க போவும்?”

அவர் குரல் மாறியது. “அங்க கல்லு எடுத்துப் பொழைக்கிற குடும்பம் எத்தினி தெரியுமா உனக்கு? அதுங்க வாயில மண்ணப் போடச் சொல்றியா?”

 அவளுக்குக் கடப்பாரையோடு முங்கியவர்களின் முதுகுகள் நினைவுக்கு வந்தன. அவர்களுக்கு வேறு வேலை தர அவளால் முடியாது. “நான் பொய் எழுதிக் குடுத்தா அவங்களுக்கும் நல்லதில்ல. பார் போச்சுன்னா மீனும் போவும்,” என்று மட்டும் சொன்னாள். ஆப்பிள் பையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

அவர் போன பிறகு நேராகப் பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

“சார், நீங்க பாதியைச் சொன்னதால கல் எடுக்கிற காண்டிராக்டர் வந்தாரு.”

நாராயணசாமிக்கு முகம் சிவந்தது. மாணவர்கள் அவரிடம் அப்படிப் பேசுவதில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “நிஜம்தாம்மா. ஆனா ஒரு கோடை போதாது. இன்னொரு கோடையிலும் மூணாவது தொட்டியில இதேதான் நடந்துச்சுன்னா, நானே எழுதறேன். யார் வந்தாலும் நிக்கறேன்.”

“சரி சார்,” என்றாள்.

தை மாதம் மறுபடி மண்டபம், அதே அண்டா, அதே பம்பு. கன்னையா இந்தத் தடவை கையில் துணி சுற்றிக்கொண்டார்.

தொட்டியில் இறங்கிய கற்கள் அந்த வருஷம் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டன. ஓரங்களில் புது வளர்ச்சிகூடத் தெரிந்தது. பங்குனி நடுவிலேயே வெயில் ஏறியதும் தாட்சாயணி சேற்றுக் குவளையை எடுத்துக்கொண்டு மூன்றாவது தொட்டிக்குப் போனாள். போய் நின்றாள். போன வருஷம் என்ன ஆகும் என்று தெரியாமல் ஊற்றினாள். இந்த வருஷம் தெரியும்.

“மனசு வரலையோ?” என்றாள் யதுகிரி.

“வரல.”

“நான் ஊத்தட்டுமா?”

“வேணாம். நான்தான் செய்யணும்.” ஊற்றினாள். தெளிந்த தண்ணீர் கலங்கி, பழுப்புக் கற்கள் மறைந்தன. மறுநாளும் ஊற்றினாள். அதற்கு மறுநாளும்.

ஏப்ரல் முதல் தேதி அவள் ஊர் ஆந்திராவோடு சேர்ந்தது. அன்றைக்கு ஊரில் பல வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை என்று சிட்டிபாபு சொன்னார். கன்னையா நிலத்துக்குப் போகாமல் படுத்தே கிடந்தாராம். கடல் தண்ணீர் பிடிக்கும் காலி டிரம்களை மட்டும் மறக்காமல் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்.

அந்த மாதக் கடைசியில் மெட்ராசிலிருந்து மீன்வளத் துறை அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். குத்தகை விஷயமாக முடிவெடுக்க வேண்டியவர்கள். மலைக்குப் போய்ச் சேவித்துவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இறங்கி, அப்படியே கல்லூரிக்கு வந்தார்கள். முனிரத்தினமும் கூடவே வந்திருந்தார்.

“பாருங்க சார்,” என்று முதல் தொட்டியில் இருந்த, போன வருஷம் மீண்ட கல் ஒன்றை அவரே காட்டினார். “வெள்ளையா இருந்தது எப்படி வந்துடுச்சு.”

மூத்த அதிகாரி தாட்சாயணியிடம் திரும்பினார். “நீ எந்த ஊரம்மா?”

“சத்தியவேடு பக்கம் சார்.”

“அது ஆந்திராவா, மெட்ராஸா?”

“போன மாசம் வரைக்கும் மெட்ராஸ் சார்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை அவர் கையில் கொடுத்து இரண்டாவது தொட்டியைக் காட்டினாள். கற்கள் வெளுத்திருந்தன, விரல்கள் அசைந்தன. பிறகு மூன்றாவது தொட்டி. அவரே கையை விட்டுச் சேற்றை விலக்கி, கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அங்கே அசைவதற்கு எதுவும் இல்லை. ஒரு கல்லின் மேல் விரலால் தேய்த்தார். சதை வழுக்கிக் கழன்று வந்தது.

“போன வருஷமும் இப்படித்தானா?” என்றார், பேராசிரியரைப் பார்த்து.

“ஆமா சார்,” என்றார் நாராயணசாமி. “அதை நான் கூட்டத்துல சொல்லாம விட்டது தப்பு. இப்ப ரெண்டு கோடையும் சேர்த்து எழுதித் தரேன்.”

“ஸோ, கல் எடுக்கறதையே நிறுத்தணுங்கறீங்களா?”

பேராசிரியர் வாயைத் திறப்பதற்குள் தாட்சாயணி சொன்னாள். “ஒரு பாரையாவது முழுசா விட்டுடுங்க சார். உடைஞ்சது வளர நம்ம ஆயுசு போதாது. அது முடியாதுன்னா, பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் எந்தப் பாரிலும் கடப்பாரை போடக் கூடாது. சூடு தானா வருது, அதை யாரும் தடுக்க முடியாது. சேறு நாம போடறது. அதை நிறுத்தலாம்.”

“கடல் அடங்கியிருக்கிற மாசமே அதுதான் சார்,” என்று முனிரத்தினம் குறுக்கிட்டார். “வயித்துல அடிக்கிற பேச்சு.”

“அந்த மாசங்கள்ல அவங்க மீன் பிடிக்கலாம் சார். பார் இருந்தா மீன் இருக்கும்.”

அதிகாரி கையைக் கழுவிக்கொண்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகையில் உத்தரவு வந்தது. முனிரத்தினத்துக்குக் குத்தகை புதுப்பிக்கப்பட்டது. எந்தப் பாரையும் முழுசாக விடவில்லை. ஆனால் பங்குனி முதல் ஆடி முடிய கல் எடுக்கக் கூடாது என்று ஒரு ஷரத்து சேர்ந்திருந்தது. யதுகிரி குதித்தாள். தாட்சாயணிக்குப் பாதி கோபம், பாதி நிம்மதி. கேட்டதில் பெரியது கிடைக்கவில்லை.

“ஷரத்து காயிதத்துல இருக்கு. கடல்ல யார் பார்ப்பாங்க?” என்றாள்.

அவளே போனாள். பட்டம் வந்ததும் கரையோர ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் உதவியாளர் வேலைக்கு எழுதிப்போட்டு வாங்கினாள். செங்கம்மா அழுதாள், சாப்பிட மாட்டேன் என்றாள். கடைசியில் துணைக்குத் தானே மகளோடு கிளம்பினாள்.

அடுத்த சித்திரையில் தோணியில் பாருக்குப் போயிருந்தபோது தாட்சாயணி தண்ணீருக்குள் பார்த்தாள். கோடைச் சூட்டில் பார் முழுக்க வெளுத்திருந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. தலையைத் தூக்கினால், கல் தோணி ஒன்று பாரை நோக்கி வந்துகொண்டிருந்தது, கடப்பாரைகளோடு. அவள் தோணியில் எழுந்து நின்றாள். தோணி ஆடியது, ஆனாலும் நின்றாள்.

“ஆடி முடியற வரைக்கும் இங்க எடுக்கக் கூடாது! உத்தரவு இருக்கு!”

“யாரு நீ?” என்றார் கல் தோணியில் இருந்தவர்.

அவள் பேரைச் சொன்னாள், நிலையத்தின் பேரைச் சொன்னாள். ஏன் எடுக்கக் கூடாது என்பதையும் சொன்னாள். அவர்கள் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருவர் திட்டினார். பிறகு துடுப்பைத் திருப்பினார்கள்.

மறுவாரம் வேறொரு தோணி வந்தது. அதையும் திருப்பி அனுப்பினாள்.